பி.எஸ்சி. இயற்பியல் லேப்: முதல் ரீடிங்கிலிருந்து எக்ஸ்டெர்னல் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு இணைந்த கல்லூரிகளில் பி.எஸ்சி. இயற்பியல் படிப்பவர்களுக்கானது இந்தப் பக்கம். மதிப்பெண் பங்கீடும் குறைந்தபட்ச சோதனைகளின் எண்ணிக்கையும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், பாடத்திட்டத்துக்குப் பாடத்திட்டம் மாறும். அவற்றை உங்கள் சிலபஸில் பார்த்துக்கொள்ளுங்கள். கருவிகளும் அவற்றில் நேரும் தவறுகளும் எல்லா லேபிலும் ஒன்றுதான்.

லேப் பேப்பரை முடிக்க என்னென்ன வேண்டும்?

பட்டியலில் உள்ள சோதனைகளில் குறைந்தபட்ச எண்ணிக்கையைச் செய்து, ஒவ்வொன்றுக்கும் அப்சர்வேஷன் நோட்டில் ஆசிரியரின் கையெழுத்து வாங்க வேண்டும். அவை ரெக்கார்டில் ஏறி, ரெக்கார்டின் முதல் பக்கத்தில் பதிவெண்ணோடு போனஃபைடு சான்று கையெழுத்தாக வேண்டும். வருகைப்பதிவு, மாடல் தேர்வு, இன்டெர்னல் மதிப்பெண் ஆகியவற்றுக்குப் பிறகு எக்ஸ்டெர்னல், அதாவது வெளித் தேர்வாளர் வந்து நடத்தும் தேர்வு. சில பல்கலைக்கழகங்களில் லேப் இரண்டு செமஸ்டருக்கு நடந்து, இரட்டைப்படை செமஸ்டர் முடிவில்தான் தேர்வு வரும். அங்கே முதல் செமஸ்டரில் செய்த சோதனை எட்டு மாதம் கழித்துத் தேர்வில் எடுக்கும் சீட்டில் வரலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

அப்சர்வேஷன் நோட்டு இருக்கும்போது ரெக்கார்டு எதற்கு?

அப்சர்வேஷன் என்பது கருவியின் முன் உட்கார்ந்து எழுதுவது. அதில் ரீடிங் பேனாவில் இருக்க வேண்டும். தவறானால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். அழிப்பானோ வெள்ளை மையோ வேண்டாம். அடித்த எண்ணும் படிக்கும்படி இருக்கட்டும், ஏனென்றால் பாதி நேரம் முதலில் எடுத்ததுதான் சரியாக இருக்கும்.

ரெக்கார்டு அதன் செம்மையான படி. கோடு போட்ட வலப்பக்கத்தில் நோக்கம், கருவிகள், சூத்திரம், செய்முறை, முடிவு ஆகியவை பேனாவில் வரும். கோடில்லாத இடப்பக்கத்தில் படம், மின்சுற்று, அட்டவணை, கணக்கீடு ஆகியவை பென்சிலில் வரும். செய்முறையை 'செய்யப்பட்டது' என்ற நடையில் எழுதுவது வழக்கம். சோதனை செய்த வாரத்திலேயே எழுதிவிடுங்கள். கடைசி வாரத்தில் பத்து சோதனைகளைச் சேர்த்து எழுதுகிறவர்களின் ரெக்கார்டில் அட்டவணைத் தலைப்பில் அலகு விடுபட்டிருக்கும், படத்தில் நைஃப் எட்ஜ் (ஸ்கேலைத் தாங்கும் கூர்விளிம்பு) இருக்காது. வெளித் தேர்வாளர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான்.

என் பேட்ச்சுக்கு வந்த சோதனையின் தியரி வகுப்பில் இன்னும் நடக்கவில்லை. என்ன செய்வது?

லேபில் சோதனைகள் சுழற்சி முறையில் வருவதால் இது நடக்கத்தான் செய்யும். முழுத் தியரியும் தேவையில்லை. சூத்திரத்தில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் எந்த அளவு, எந்தக் கருவியால் அளக்கப்படும், எந்த அலகில் போட வேண்டும் என்ற மூன்றும் தெரிந்தால் போதும். காலி அட்டவணையை முந்தைய நாளே வரைந்துகொண்டு வாருங்கள். அட்டவணை வரையத் தெரிந்தவருக்குச் சோதனை பாதி புரிந்துவிட்டது.

லீஸ்ட் கவுன்ட், ஜீரோ கரெக்‌ஷன் இரண்டிலும் எப்போதும் குழப்பம் வருகிறது.

லீஸ்ட் கவுன்ட் என்பது கருவியால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு. அதற்கு நான்கு எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெர்னியர் காலிப்பர் 0.01 செ.மீ., ஸ்க்ரூ கேஜ் 0.01 மி.மீ., டிராவலிங் மைக்ரோஸ்கோப் 0.001 செ.மீ., ஸ்பெக்ட்ரோமீட்டர் 1 கலை (பாகையில் 60-இல் ஒரு பங்கு). மைக்ரோஸ்கோப்பும் ஸ்க்ரூ கேஜும் உண்மையில் ஒரே நுட்பம்தான், ஒன்றைச் செ.மீ.-இலும் மற்றதை மி.மீ.-இலும் எழுதுவதால்தான் கணக்கீட்டில் பத்து மடங்கு தவறு நுழைகிறது.

ஸ்க்ரூ கேஜின் முனைகளைச் சேர்த்துப் பிடித்துத் தலைக்கோலைப் பாருங்கள். 3-ஆவது பிரிவு குறிக்கோட்டில் நின்றால் (அதாவது சுழி கோட்டை எட்டாமல் அதற்குக் கீழேயே நின்றுவிட்டால்) பிழை +3, திருத்தம் −0.03 மி.மீ. 100 பிரிவு கொண்ட தலைக்கோலில் 96 நின்றால் பிழை −4, திருத்தம் +0.04 மி.மீ. பிழையின் குறிக்கு எதிர்க்குறிதான் திருத்தம். ராட்செட்டைப் பிடித்தே திருகுங்கள். நேராகத் தலையைத் திருகி இறுக்கினால் மெல்லிய கம்பி நசுங்கும், ஒவ்வொரு முறையும் வேறு விட்டம் வரும்.

நான்-யூனிஃபார்ம் பெண்டிங்கில் யங் குணகம் தாறுமாறாக வருகிறது. எங்கே பார்ப்பது?

ஸ்கேலை இரண்டு நைஃப் எட்ஜ்களின் மேல் வைத்து, நடுவில் எடை தொங்கவிட்டு, நடுப்பகுதி எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கும் சோதனை இது. சூத்திரத்தைச் சொல்லில் வைத்துப் பாருங்கள். மேலே நிறை, புவியீர்ப்பு முடுக்கம், நைஃப் எட்ஜ்களுக்கு இடையேயான தொலைவின் மும்மடி. கீழே 4, அகலம், தடிமனின் மும்மடி, இறக்கம்.

மும்மடியில் இருப்பவைதான் ஆட்டம் காட்டும். மர மீட்டர் ஸ்கேலின் தடிமன் 5 மி.மீ. என்று கொள்வோம். அதை வெர்னியரில் அளந்தால் 0.1 மி.மீ. ஐயம், அதாவது 2 சதவீதம். மும்மடியில் அது 6 சதவீதமாகிறது. அதையே ஸ்க்ரூ கேஜில் அளந்தால் 0.6 சதவீதம்தான். அதனால் தடிமனை ஸ்க்ரூ கேஜில், ஸ்கேலின் நீளத்தில் ஐந்தாறு இடங்களில் அளந்து சராசரி எடுக்கிறோம். அகலத்துக்கு வெர்னியரே போதும். 'தடிமனுக்கு மட்டும் ஏன் ஸ்க்ரூ கேஜ்?' என்பது வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஆண்டுதோறும் வரும் கேள்வி.

இறக்கத்தை எப்படி எடுப்பது? நைஃப் எட்ஜ்கள் 70 செ.மீ. இடைவெளியில் இருக்கட்டும், நடுவில் ஹேங்கரும் குண்டூசியும். 50 கிராமாக ஏற்றி 250 கிராம் வரை போய், அதே வழியில் இறக்குங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஒரே எடைக்கு வந்த ரீடிங்குகள் சில நூறில் ஒரு மி.மீ.-க்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லையென்றால் ஸ்கேல் நைஃப் எட்ஜில் நழுவியிருக்கும், அல்லது மைக்ரோஸ்கோப்பின் திருகைத் தாண்டிப் போய்ப் பின்னால் திருப்பியிருப்பீர்கள். பிறகு அடுத்தடுத்த ரீடிங்குகளைக் கழிக்காதீர்கள். 0-வுக்கு 150, 50-க்கு 200, 100-க்கு 250 என்று ஜோடி சேர்த்துக் கழித்தால் 150 கிராமுக்கான இறக்கம் மூன்று தனித்தனி மதிப்பாகக் கிடைக்கும். அடுத்தடுத்துக் கழித்துச் சராசரி எடுத்தால் இடையிலுள்ள ரீடிங் எல்லாம் அடிபட்டு, முதலும் கடைசியும் மட்டும்தான் மிஞ்சும்.

சாதாரண மர ஸ்கேலுக்குக் குணகம் 10¹⁰ நியூட்டன்/ச.மீ. அளவில் வரும். 2.5 செ.மீ. அகலமும் 5 மி.மீ. தடிமனும் இருந்தால் 150 கிராமுக்கு ஏறக்குறைய 4 மி.மீ. இறங்கும். உங்கள் இறக்கம் 0.4 மி.மீ. என்று வந்தால் கணக்கைத் தொடராமல் மெயின் ஸ்கேலை மறுபடி படியுங்கள்.

விடை எத்தனை மடங்கு தள்ளியிருக்கிறது என்பதே தவறைச் சொல்லிவிடும். 1000 மடங்கு என்றால் தடிமனின் அலகு. ஏறக்குறைய 2.9 மடங்கு அதிகம் என்றால் 70 செ.மீ.-க்குப் பதில் ஸ்கேலின் முழு நீளமான 1 மீட்டரைப் போட்டிருக்கிறீர்கள். டார்ஷன் பெண்டுலத்தில் விறைப்புக் குணகம் 16 மடங்கு குறைந்து வந்தால் கம்பியின் ஆரத்துக்குப் பதில் விட்டம். அங்கே ஆரம் நான்மடியில் இருக்கிறது.

ஒன்று கவனியுங்கள்: மைக்ரோஸ்கோப்பில் பிம்பம் தலைகீழ். எடை ஏறினால் ஊசி கீழே போகும், பிம்பம் மேலே போகும். கருவி பழுதாகவில்லை.

ஸ்பெக்ட்ரோமீட்டர் என்றாலே பயம். எங்கிருந்து தொடங்குவது?

எல்லோரும் அவசரப்படுவது முதல் கட்டத்தில்தான். ஐபீஸை முன்பின் நகர்த்திக் குறுக்குக் கம்பி கூர்மையாகத் தெரியும்படி வையுங்கள். பிறகு தொலைநோக்கியை ஜன்னல் வழியே தொலைவிலுள்ள பொருளுக்குக் குவியுங்கள். எதிர்வீட்டுச் சுவர் போதாது, தள்ளி நிற்கும் மரமோ கோபுரமோ வேண்டும். அதற்குப் பிறகு தொலைநோக்கியின் குவியத்தைத் தொடக்கூடாது. இப்போது அதை கொலிமேட்டருக்கு (பிளவு வழியே வரும் ஒளியை இணைகதிராக்கும் குழாய்க்கு) நேராக வைத்துப் பிளவு மங்கலாகத் தெரிந்தால், திருத்த வேண்டியது கொலிமேட்டரை. பிளவு மெல்லியதாகவும் செங்குத்தாகவும் இருக்கட்டும். கடைசியாக பிரிசம் மேடையை ஸ்பிரிட் லெவல் வைத்து மூன்று திருகுகளால் சமன் செய்யுங்கள்.

சோடியம் விளக்கைப் போட்டதும் சிவப்பாகத்தான் எரியும், உள்ளே நியான் இருப்பதால். முழு மஞ்சளுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். மெர்க்குரி விளக்கை இடையில் அணைத்தால் ஆறும் வரை மறுபடி எரியாது. தேர்வில் அதற்காகக் காத்திருப்பது உங்கள் நேரம்தான்.

கிரேட்டிங்கை (நெருக்கமான இணைகோடுகள் கொண்ட தட்டை) நேர்குத்துப் படுகோணத்தில், அதாவது ஒளி அதன்மேல் செங்குத்தாக விழும்படி, வைக்கும் வரிசை இது. நேர்க்கதிரின் பிம்பத்தைக் குறுக்குக் கம்பியில் பொருத்தி ரீடிங் எடுங்கள். தொலைநோக்கியைச் சரியாக 90° திருப்பிப் பூட்டுங்கள். கிரேட்டிங்கை மேடையில் வைத்து, மேடையை மட்டும் சுழற்றி, எதிரொளித்த பிளவின் பிம்பத்தைக் குறுக்குக் கம்பிக்குக் கொண்டுவாருங்கள். இந்த நிலையில் கிரேட்டிங் ஒளிக்கு 45° சாய்ந்திருக்கும். அங்கிருந்து வெர்னியர் மேடையை 45° திருப்பினால் நேர்குத்து. எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டால் கிரேட்டிங்கின் ஓரம் ஒளியைப் பார்த்து நிற்கும், நிறமாலையே வராது. கிரேட்டிங்கை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள், பரப்பில் விரல் படவே கூடாது.

சரியாக அமைந்ததா என்று சோதிக்க, நேர்க்கதிரிலிருந்து இடப்பக்க முதல் வரிசைக்கும் வலப்பக்க முதல் வரிசைக்கும் உள்ள கோணங்கள் ஏறக்குறைய சமமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அங்குலத்துக்கு 15,000 கோடு கொண்ட கிரேட்டிங் என்றால், மீட்டருக்கு 5.906×10⁵ கோடுகள். சோடியத்துக்கு (சராசரி 5893 ஆங்ஸ்ட்ராம்) முதல் வரிசைக் கோணம் 20°22′, இரு பக்கத்துக்கும் இடையே 40°44′. இந்த எண்ணைக் கையில் வைத்திருந்தால் அரை மணி நேரம் மிச்சம்.

ஸ்பெக்ட்ரோமீட்டர் ரீடிங்கில் அடிக்கடி நேரும் தவறுகள்?

மெயின் ஸ்கேலில் ஒரு பிரிவு அரை பாகை. வெர்னியர் சுழி 160.5°-ஐத் தாண்டியிருந்து, வெர்னியரில் 17 பொருந்தினால் 160°47′. அந்த 30 கலையை விட்டுவிட்டு 160°17′ என்று எழுதுவதுதான் முதல் தவறு.

சுழியைக் கடப்பது இரண்டாவது. ஒரு பக்கம் 340°12′, மறுபக்கம் 20°56′ என்று வந்தால் பெரியதில் சிறியதைக் கழித்து 319° என்று எழுதாதீர்கள். 360°-க்கு மீதி 19°48′, அதோடு 20°56′, ஆக 40°44′.

மூன்றாவது, வெர்னியர் 1-ஐயும் 2-ஐயும் இடையில் மாற்றிப் படிப்பது. வட்ட அளவுகோலின் மையமும் சுழற்சி மையமும் சற்று விலகியிருந்தால் வரும் பிழை, இரண்டின் சராசரியில் நீங்கும். அதற்காகத்தான் இரண்டு வெர்னியர்.

நான்காவது கால்குலேட்டரில். 20°22′-ஐ 20.22 என்று அடித்தால் அலைநீளம் 40 ஆங்ஸ்ட்ராம் போலக் குறைந்து 5852-க்கு வந்து நிற்கும். பார்க்கச் சரிபோலவே இருப்பதால் யாரும் கண்டுபிடிப்பதில்லை. 22-ஐ 60-ஆல் வகுத்து 20.367 என்று போட வேண்டும். ரேடியன் நிலையில் இருந்தால் சைன் மதிப்பு 0.348-க்குப் பதில் 0.998 காட்டும், அது உடனே தெரிந்துவிடும்.

நியூட்டன் வளையங்களில் நடுப்புள்ளி கறுப்பாக இல்லை. பரவாயில்லையா?

லென்சுக்கும் தட்டுக்கும் இடையே தூசி. இரண்டையும் துடைத்து வையுங்கள். துடைத்தும் போகவில்லையென்றாலும் சோதனை கெடாது, ஏனென்றால் சூத்திரத்தில் வருவது இரு வளையங்களின் விட்ட வர்க்கங்களின் வித்தியாசம். எந்த வளையத்தை 1 என்று எண்ணத் தொடங்கினாலும் வித்தியாசம் மாறாது. வளையத்தின் ஒரு பாதிதான் தெரிகிறதென்றால் 45° கண்ணாடித் தட்டைச் சற்றே திருப்புங்கள்.

ரீடிங் எடுக்கும்போது இடப்பக்கம் 20-ஆம் வளையத்தையும் தாண்டிப் போய்விட்டு, அங்கிருந்து வலப்பக்கம் 20 வரை ஒரே திசையில் வாருங்கள். நடுவில் ஒரு வளையத்தைத் தவறவிட்டுத் திரும்பினால் திருகின் பின்னடைவு முழு வரிசையையும் கெடுத்துவிடும். லென்சின் வளைவு ஆரம் 100 செ.மீ. என்றால் 10 வளைய இடைவெளிக்கு விட்ட வர்க்க வித்தியாசம் ஏறக்குறைய 0.236 ச.செ.மீ. வரும், அந்தப் பத்தி முழுதும் ஒரே மதிப்பைச் சுற்றி நிற்க வேண்டும். ஒரு வரியில் மட்டும் தள்ளியிருந்தால் அங்கே வளையத்தை எண்ணத் தவறியிருக்கிறீர்கள்.

பொட்டென்ஷியோமீட்டரில் எங்கே தொட்டாலும் ஒரே பக்கம் டிஃப்ளெக்‌ஷன். என்ன தவறு?

ஜாக்கியை (கம்பியைத் தொடும் முனையை) கம்பியின் நேர்முனைப் பக்கத்திலிருந்து மறுமுனைக்கு நகர்த்தித் தொட்டுப் பாருங்கள். விலகல் குறைந்துகொண்டே வந்து சுழியை எட்டவில்லையென்றால் இணைப்பு சரி, முதன்மைச் சுற்றின் மின்கலம் தளர்ந்துவிட்டது அல்லது ரியோஸ்டாட்டில் தடை அதிகம். விலகல் கூடிக்கொண்டே போனால் செல்லின் முனைகள் மாறிவிட்டன. நேர்முனைகள் எல்லாம் ஒரே பக்கம் சேர வேண்டும். எங்கே தொட்டாலும் ஏறக்குறைய ஒரே விலகல் என்றால் முதன்மைச் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. பெரும்பாலும் சாவி, அல்லது துரு ஏறிய டெர்மினல்.

வோல்ட்மீட்டரைச் சரிபார்க்கும் சோதனையில் கம்பியைத் தரப்படுத்தும் டேனியல் செல்லுக்கு 1.08 வோல்ட். அது 540 செ.மீ.-இல் சமன் ஆனால் செ.மீ.-க்கு 0.002 வோல்ட். வோல்ட்மீட்டர் 0.50 காட்டும்போது 256 செ.மீ. வந்தால் உண்மை 0.512, திருத்தம் +0.012. தரப்படுத்திய பிறகு ரியோஸ்டாட்டைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்துதான். ஜாக்கியைக் கம்பியில் இழுக்காமல் தொட்டுத் தொட்டு எடுங்கள். இழுத்தால் கம்பி அந்த இடத்தில் தேய்ந்து அடுத்த பேட்ச்சுக்குத் தொல்லை.

லாஜிக் கேட் சோதனையில் நார் (NOR) கேட் மட்டும் வேலை செய்வதில்லை, ஏன்?

ஐசி 7400, 7408, 7432, 7486 எல்லாவற்றிலும் 1, 2 உள்ளீடு, 3 வெளியீடு. 7402-இல் மட்டும் 1 வெளியீடு, 2, 3 உள்ளீடு. பழக்கத்தில் அதே மாதிரி இணைத்துவிடுகிறோம். 14-க்கு +5 வோல்ட், 7-க்குத் தரை என்பது ஐந்துக்கும் பொது. எதிலும் இணைக்காமல் விட்ட டிடிஎல் (இந்த ஐசி வகை) உள்ளீடு 1 போல நடந்துகொள்ளும். '0' வேண்டுமென்றால் கம்பியை வெறுமனே கழற்றிவிடாமல் தரையில் இணைக்க வேண்டும்.

741 ஆப்-ஆம்ப்பில் 7 நேர் மின்னழுத்தம், 4 எதிர் மின்னழுத்தம், 2 மற்றும் 3 உள்ளீடுகள், 6 வெளியீடு. எதைக் கொடுத்தாலும் வெளியீடு 13 வோல்ட் பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றால், பின்னூட்டத் தடை 2-க்கும் 6-க்கும் இடையே ஒழுங்காக இருக்கிறதா, இரட்டை சப்ளையின் பொதுமுனை உள்ளீட்டின் தரையோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

விடை புத்தக மதிப்புக்கு வரவில்லை. ரீடிங்கைக் கொஞ்சம் மாற்றலாமா?

வேண்டாம். தேர்வாளர் பல ஆண்டுகளாக அதே கருவியின் எண்களைப் பார்ப்பவர். ஏற்றும் பத்தியும் இறக்கும் பத்தியும் இம்மி பிசகாமல் ஒத்துப்போனாலோ, எல்லா வித்தியாசமும் ஒரே எண்ணாக இருந்தாலோ அவர் பேனா அங்கே நின்றுவிடும். அலைநீளம் 5810 என்று வந்தால் அப்படியே எழுதி, சதவீதப் பிழை 1.4 என்று போட்டு, எந்த அளவிலிருந்து வந்திருக்கலாம் என்று வைவாவில் சொல்லுங்கள். முடிவுக்கான மதிப்பெண் மொத்தத்தில் சிறு பங்குதான். ரீடிங்குக்கும் கணக்கீட்டுக்கும் உள்ளது பெரும் பங்கு.

எக்ஸ்டெர்னலில் மூன்று மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது?

சீட்டு எடுத்ததும் நோக்கம், சூத்திரம், ஒவ்வொரு குறியீட்டின் விளக்கம் அலகோடு, படம், காலி அட்டவணை ஆகியவற்றை அரை மணிக்குள் முடியுங்கள். சூத்திரம் மறந்துவிட்டால் மௌனமாக உட்கார்ந்திருக்காமல் கேளுங்கள். சில மதிப்பெண் போகும். சோதனையே போவதைவிட அது மேல். ரீடிங்குக்கு ஒன்றரை மணி. முதல் ரீடிங்கைத் தேர்வாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அமைப்பில் தவறிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மீதி நேரம் கணக்கீட்டுக்கும் வரைபடத்துக்கும். வரைபடத்தில் சாய்வை எடுக்க இரண்டு ரீடிங் புள்ளிகளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வரைந்த கோட்டின் மேல் நன்றாகத் தள்ளியிருக்கும் இரண்டு இடங்களை எடுங்கள். அளவுத்திட்டத்தை மூலையில் எழுத மறக்காதீர்கள்.

சோதனையை மாற்றிக் கேட்பது சில மையங்களில் அனுமதிக்கப்படும், மதிப்பெண் குறைப்போடு. முதல் அரை மணிக்குள் கேட்டால்தான் பயன்.

வைவாவில் என்ன கேட்பார்கள்?

பெரும்பாலும் உங்கள் மேசையில் இருப்பதைப் பற்றியே. நடுவளையம் ஏன் கறுப்பு (அடர்ந்த ஊடகத்தில் எதிரொளிக்கும்போது வரும் அரை அலைநீள மாற்றம்), இந்த அளவின் அலகு என்ன, பரிமாணம் என்ன, இதில் பெரிய பிழை எங்கிருந்து வருகிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்விக்குப் போவார். உளறினால் அதே இடத்தில் தோண்டுவார்.

சோதனைகள் சில விடுபட்டுவிட்டன, அல்லது ரெக்கார்டு தொலைந்துவிட்டது. இனி என்ன வழி?

விடுபட்டவற்றுக்கு மாடல் தேர்வுக்கு முன் ரிப்பீட் லேப் வைப்பார்கள். துறைத்தலைவரிடம் இப்போதே கேளுங்கள், மாடலுக்குப் பிறகு கருவிகளைத் தேர்வுக்காக அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். ரெக்கார்டு தொலைந்தால் அப்சர்வேஷன் நோட்டை வைத்துப் புதிதாக எழுதிக் கையெழுத்து வாங்கலாம். அப்சர்வேஷன் நோட்டையே தொலைத்தவருக்குச் சோதனையைத் திரும்பச் செய்வதைத் தவிர வழியில்லை. அதனால் ஒவ்வொரு லேப் முடிந்ததும் கையெழுத்தான பக்கத்தைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரியர் விழுந்தவர்கள் மறுதேர்வுக்கு வரும்போது பழைய ரெக்கார்டைக் கொண்டுவர வேண்டியிருக்கும்; பட்டம் கைக்கு வரும்வரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.